தட்டு வராத கூட்டம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்களுக்கு ஆபீஸ் நடைமுறையைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று என்னை அழைத்திருக்கிறார்கள். அதை நான் சொல்லப்போவதில்லை. எந்தப் படிவம் எந்த அலமாரியில் இருக்கிறது, எந்த மனுவுக்கு எந்த முத்திரை என்பதெல்லாம் மூன்று மாதத்தில் உங்களுக்கே பழகிவிடும். பழகாவிட்டால் நீங்கள் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம், நாடு ஒன்றும் மூழ்கிவிடாது.

நம் வேலை சங்கங்களோடு. ஒரு சந்தில் நாற்பது வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு கூரையைப் போட்டு, உட்கார்ந்து பேச ஓர் இடம் வைத்திருப்பார்கள். அப்படி ஒன்று இருப்பது சர்க்காருக்குக் காகிதத்தில்தான் தெரியும். அந்தக் காகிதத்தை எழுதிக்கொடுப்பதும், துரை பேசுவதைத் தமிழிலும் ஜனங்கள் பேசுவதை இங்கிலீஷிலும் மாற்றிச் சொல்வதும் நம் பொறுப்பு. இந்தப் பினாங்கில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அதைச் செய்தேன். அதில் நான் மிகவும் வெட்கப்படுகிற நாளும் மிகவும் பெருமைப்படுகிற நாளும் ஒரே ஞாயிற்றுக்கிழமைதான். அதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அப்போது எனக்கு முப்பது வயது ஆகவில்லை, குமாஸ்தா உத்தியோகம், கிராணி என்பார்கள். கோட்டுப் பையில் இரண்டு பேனா வைத்துக்கொள்வேன். ஒன்றுதான் எழுதும். மற்றது பார்க்கிறவர்களுக்காக.

டத்தோ கிராமாட் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மாட்டு வண்டிக்காரர்கள் குடியிருந்தார்கள். துறைமுகத்திலிருந்து கிட்டங்கிகளுக்கு மூட்டை ஏற்றிப் போகிறவர்கள். விடிவதற்கு முன் வண்டி பூட்டினால் பொழுது சாயும்போதுதான் வீடு திரும்புவார்கள். வீடு என்று நான் சொல்வது மாடிப்படிக்கு மேலே பலகை வைத்துத் தடுத்த ஒரு அறையை. அதில் ஐந்து பேர், ஆறு பேர். சந்தின் கோடியில் சர்க்கார் நிலத்தில் அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை போட்டிருந்தார்கள். கல்யாணம் அங்கேதான். கப்பலில் புதிதாக வந்து இறங்கியவன் முதலில் தங்குவதும் அங்கேதான். அந்த வீடுகளின் படிக்கட்டு மிகவும் குறுகல். யாராவது இறந்துபோனால் உடலைக் கிடத்தி, சுற்றி உட்கார்ந்து அழ மாடியில் இடம் கிடையாது. கொட்டகைக்குத்தான் கொண்டுவர வேண்டும். அது இல்லாவிட்டால் நடுத்தெருவில்தான் கிடத்த வேண்டும்.

அந்த நிலத்தை ஒரு குத்தகைக்காரர் சர்க்காரிடம் கேட்டிருந்தார். அவருக்குத் தளவாடச் சாமான் போட்டுவைக்க இடம் வேண்டுமாம். கொட்டகைக்காரர்கள் பதிவு பெற்ற சங்கமாக இருந்தால் நிலம் அவர்கள் கையில் இருக்கலாம், இல்லையென்றால் அடுத்த மாதம் முதல் தேதி குத்தகைக்காரருக்குப் போய்விடும் என்று உத்தரவாயிற்று.

அவர்களுடைய தலைவர் வீராசாமி எங்கள் ஆபீஸுக்கு வந்தார். ஐம்பது வயது, வண்டிச் சக்கரம் ஏறி நசுங்கிய இடது கால் பெருவிரல், தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிற பணிவு.

"கிராணி ஐயா, எங்களுக்குச் சங்கம்னா என்னன்னு தெரியாது. நாங்க கூடுவோம், பேசுவோம், முடிவு பண்ணுவோம். அதைத் தாளுல எழுதித் தரணும்" என்றார்.

எழுதித் தந்தேன். எப்படி எழுதினேன் தெரியுமா? ஊருக்குள்ளே பெரிய உத்தியோகஸ்தர்கள் டென்னிஸ் ஆடுகிற ஒரு கிளப்பின் சட்டதிட்டத்தை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, வரி வரியாகக் காப்பி அடித்தேன். 'அங்கத்தினர் என்போர் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண்கள்' என்றும் எழுதினேன். 'தீர்மானங்கள் கை உயர்த்தி நிறைவேற்றப்படும்' என்றும் எழுதினேன். எழுத்து முத்து முத்தாக இருந்தது. அந்தச் சந்தில் எப்படிக் கூடுகிறார்கள், எப்படி முடிவு செய்கிறார்கள் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. அவர் முதல் பேச்சிலேயே சொன்னார், நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குத்தகைக்காரரும் சும்மா இருக்கவில்லை. அங்கே சங்கம் என்று ஒன்றுமே இல்லை, நாலு பேர் சேர்ந்து மனுவில் நாற்பது பேர் கைரேகையையும் தாங்களே வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கடிதம் போட்டுவிட்டார். எங்கள் துரை நேராக வந்து பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார். புதிதாக வந்தவர், தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது, நியாயமான மனுஷர், ஆனால் எதற்கும் இரண்டாம் தடவை வருகிறவர் இல்லை. வண்டிக்காரர்களுக்கு ஓய்வு ஞாயிறு ஒரு நாள்தான் என்று கெஞ்சிக் கேட்டு, அந்த மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை நாலு மணிக்கு அவரை ஒப்புக்கொள்ள வைத்தேன். அதற்காகவே எனக்கு ஒரு பதக்கம் தரலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மதியமே போய்விட்டேன். கொட்டகையைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. தரையில் கோரைப்பாய். ஓரத்தில் பெரிய பித்தளைத் தட்டு நிறைய வெற்றிலையும் பாக்கும். துரை வருகிற இடத்தில் வெற்றிலை போட்டுத் துப்பிக்கொண்டிருந்தால் என் மானம் என்ன ஆவது? பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து பெஞ்சுகள் இரவல் வாங்கிவந்து வரிசையாகப் போடச் சொன்னேன். பாயைச் சுருட்டச் சொன்னேன். தட்டை எடுக்கச் சொன்னேன்.

வீராசாமி தயங்கினார். "தட்டு இல்லாம எப்படிங்க?"

"தட்டு எதுக்கு வீராசாமி? இது கல்யாணமா? துரை வர்றாரு."

"இல்லீங்க, தட்டு வந்து..."

"எடுங்கன்னா எடுங்க."

எடுத்தார். தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்தது மாரியம்மா என்ற பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் அக்கரையில் தாசேக் கெலுகோர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் வேலை, மாதத்துக்கு ஒரு தரம் படகேறி வந்து போவான். அவள்தான் கொட்டகையைக் கூட்டி மெழுகி வைத்திருந்தவள். அவளிடமும் நான் சும்மா இருக்கவில்லை. "பொம்பளைங்க எல்லாம் வெளிய நில்லுங்கம்மா, இது சங்கக் கூட்டம்" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாசலோரம் போய் நின்றாள்.

நாலு மணிக்குத் துரை வந்தார். பெஞ்சில் ஆண்கள் அடைசலாக உட்கார்ந்திருந்தார்கள், சிலர் பின்னால் நின்றார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் துரையின் முகம் மலர்ந்தது. நாலு பேர் சங்கம் இல்லை இது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. நான் சட்டதிட்டத்தை உரக்கப் படித்தேன். ஒருவரும் குறுக்கே பேசவில்லை. இந்தச் சங்கத்தைப் பதிவு செய்யவும், நிலத்தைச் சங்கத்தின் பேரில் எடுத்துக்கொள்ளவும் சம்மதமானவர்கள் கையைத் தூக்குங்கள் என்றேன்.

ஒரு கையும் எழவில்லை.

கேட்டிருக்காது என்று மறுபடி சொன்னேன், இன்னும் உரக்க. வீராசாமி தரையைப் பார்த்தார். மற்றவர்கள் வீராசாமியைப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஓர் இளவட்டம் பாதிக் கையைத் தூக்கியவன், பக்கத்தில் இருந்தவர் முறைத்ததும் இறக்கிக்கொண்டான்.

துரை என்னைப் பார்த்தார். "இவர்களுக்கு இஷ்டமில்லையா? யாரோ தூண்டிவிட்டுத்தான் மனு போட்டார்களா?" என்று கேட்டுவிட்டுப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தார்.

தம்பிகளே, அந்த நிமிஷத்தை நன்றாக நினைத்துப் பாருங்கள், உங்களுக்கும் ஒரு நாள் வரும். துரைக்குத் தமிழ் தெரியாது. வண்டிக்காரர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நான் ஒருவன். 'எல்லோருக்கும் சம்மதம், கூச்சப்படுகிறார்கள்' என்று ஒரு பொய் சொன்னால் போதும், கொட்டகை பிழைத்துவிடும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அவர்களுக்கு உண்மையிலேயே சம்மதமா இல்லையா என்பது எனக்கே தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதித்தானே இந்த நிலைக்கு வந்தோம் என்று அப்போதுதான் உறைத்தது. ஒரு நிமிஷம் பொறுங்கள் என்று துரையிடம் கேட்டுக்கொண்டு வீராசாமியிடம் போய்க் குனிந்தேன்.

"அண்ணே, ஏன் யாரும் கை தூக்கல? உங்களுக்கு இது வேணாமா?"

நான் அவரை அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பயம் வந்தால் மரியாதை தானாக வந்துவிடுகிறது.

"வேணாமாவா? என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க. வேணும்னுதானே மூணு தடவை உங்க ஆபீஸ் படி ஏறினேன்."

"அப்புறம்?"

"தட்டு இன்னும் வரலியே. நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க. தட்டை நடுவுல வச்சாத்தான் பேச்சு முடிஞ்சுது, முடிவு பண்ணலாம்னு அர்த்தம். தட்டு வராம நான் முந்திக்கிட்டுக் கையைத் தூக்கினா, சபையைவிட நான் பெரியவன்னு ஆயிடும்ல. எவன் தூக்குவான்?"

அவர் சொன்னதைக் கேட்டு எனக்குக் காது சுட்டது. வீட்டுக்கு ஒரு வெற்றிலை வீதம் எண்ணித் தட்டில் வைப்பார்களாம். விஷயத்தை ஒரு தரம் சொல்லிவிட்டுத் தட்டைச் சுற்றி விடுவார்கள். சம்மதமானவர் ஒரு வெற்றிலையை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். இல்லாதவர் எடுக்கமாட்டார், ஏன் என்று சொல்லிவிடுவார். தட்டு காலியானால்தான் தீர்மானம். அதுவரை யாரும் வெற்றிலையை வாயில் போடமாட்டார்கள். டென்னிஸ் கிளப்பில் கை தூக்குகிறவர்கள் இதில் பாதி ஒழுங்கோடு தூக்கியிருப்பார்களா என்பது சந்தேகம். இவ்வளவு நேர்த்தியான ஒரு முறையைத்தான் நான் எச்சில் துப்புகிற பழக்கம் என்று நினைத்து உள்ளே தூக்கிவைக்கச் சொன்னேன்.

துரையிடம் திரும்பினேன். தவறு அவர்களுடையது இல்லை, என்னுடையது என்றேன். அவர்களுடைய ஓட்டுப் பெட்டியை நான்தான் கூட்டத்துக்கு முன்னால் அப்புறப்படுத்திவிட்டேன் என்று விளக்கமாகச் சொன்னேன். மேலதிகாரி முன்னால் அப்படி ஒரு வாக்கியம் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்படியானால் அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள்" என்றார்.

பெஞ்சுகள் ஓரத்துக்குப் போயின. பாய் விரிந்தது. எல்லோரும் தரையில் உட்கார்ந்ததும் அவர்கள் முகமே மாறிவிட்டது. முதுகு நிமிர்ந்தது, குரல் வந்தது. வீராசாமி தட்டை நடுவில் வைத்து, நான் அரை மணி நேரம் படித்ததை மூன்று வாக்கியத்தில் சொன்னார். தட்டு சுற்றி வந்தது. ஒவ்வொருவரும் ஒரு வெற்றிலையை எடுத்து வலது கையில் வைத்துக்கொண்டார். துரை உட்கார்ந்த இடத்திலிருந்தே விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். எனக்கு உயிர் திரும்பி வந்துகொண்டிருந்தது.

புருஷன் ஊரில் இல்லாத வீட்டுக்கு மனைவிதான் எடுக்க வேண்டும், அதனால் தட்டு வாசலுக்குப் போனது. மாரியம்மாவின் முன்னால் போய் நின்றது. அவள் எடுக்கவில்லை.

"எடு மாரியம்மா" என்றார் வீராசாமி.

"மாட்டேண்ணே."

"என்னம்மா, தொர இருக்காரு."

"இருக்கட்டும். கிராணி ஐயா படிச்சாங்கல்ல, மெம்பரு எல்லாம் ஆம்பளைங்கதான்னு. என் பேரு புஸ்தகத்துல ஏறாத சங்கத்துக்கு நான் எதுக்கு வெத்தல எடுக்கணும்? இந்தக் கூரைக்கு ஓலை கட்டினப்ப நானும்தான் சுமந்தேன். அப்ப யாரும் என்னை வெளிய நிக்கச் சொல்லல."

எனக்குத் தலை நிமிரவில்லை. அவள் பேசியது வீராசாமியிடம், ஆனால் ஒவ்வொரு சொல்லும் என் விலாசத்துக்கு வந்து சேர்ந்தது. ஒரு வெற்றிலை தட்டில் கிடந்தாலும் முடிவு இல்லை. துரை என்ன நடக்கிறது என்று கேட்டார். இந்த முறை எதையும் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே மாற்றிச் சொன்னேன், நான் வெளியே நிற்கச் சொன்னதையும் சேர்த்துத்தான்.

துரையின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "இதுவரைக்கும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. எல்லோரும் வரிசையாக எடுத்தது சொல்லிவைத்து எடுத்ததாக இருக்குமோ என்று. இப்போது போய்விட்டது. ஆனால் ஒரு வீடு மறுக்கிறதே, என்ன செய்யப்போகிறீர்கள்?" என்றார்.

"அந்த வரியை மாற்றலாம்" என்றேன்.

"சட்டம் இடம் கொடுக்குமா?"

அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நாலு வருஷமாகச் சட்டப் புத்தகத்தைப் புரட்டியது அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் என்று தோன்றியது. சங்கத்தில் யார் சேரலாம் என்பது சங்கத்தின் விருப்பம், பெண்கள் கூடாது என்று எங்கும் எழுதவில்லை, அந்த வரி நான் ஒரு கிளப்பிலிருந்து காப்பி அடித்தது என்றேன். அன்றைக்கு இரண்டாம் தடவையாகத் தவறை ஒப்புக்கொண்டேன், இந்தத் தடவை அவ்வளவு கஷ்டமாக இல்லை.

துரை தலையை ஆட்டினார். எல்லோருக்கும் முன்னால் 'ஆண்கள்' என்ற சொல்லை அடித்தேன். 'இச்சந்தில் குடியிருக்கும் வீட்டார்' என்று எழுதிப் படித்துக்காட்டினேன். முறையைப் பற்றி எழுதிய வரியையும் அடித்து, 'தீர்மானங்கள் வழக்கப்படி தட்டு வைத்து நிறைவேற்றப்படும்' என்று போட்டேன். என் முத்து எழுத்தில் இரண்டு பெரிய கீறல். அந்தத் தாளைப்போல் அழகான ஒன்றை நான் அதற்குப் பிறகு எழுதவில்லை.

விஷயம் மாறிவிட்டதால் தட்டு முதலிலிருந்து சுற்ற வேண்டும் என்றார் வீராசாமி. எடுத்த வெற்றிலைகளெல்லாம் தட்டுக்குத் திரும்பின. முன்வரிசையில் ஒரு பெரிய மீசைக்காரர் முனகினார். "பொம்பள பேரு புஸ்தகத்துலயா? நல்லாருக்குலா."

"உங்க அப்பா செத்தப்ப இந்தக் கொட்டாயில மூணு நாள் வந்தவங்களுக்குச் சோறாக்கிப் போட்டது யாருண்ணே?" என்றாள் மாரியம்மா. கோபமே இல்லாத குரல்.

மீசைக்காரர் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு ஒரு வெற்றிலையை எடுத்தார். தட்டு வாசலுக்குப் போனது. மாரியம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தாள். தட்டு காலியாகத் திரும்பி வந்தபோது வீராசாமி அதைக் கவிழ்த்துக் காட்டினார். நாற்பது வாயும் ஒரே நேரத்தில் மெல்லத் தொடங்கின. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துரை தன் குறிப்பில், இவர்களுடைய வழக்கப்படி ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதியதை நானே பார்த்தேன்.

பதிவுப் பத்திரம் மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. அதை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது, ஆண்களெல்லாம் பகலில் வண்டியோடு போய்விடுகிறோம், பகலில் சந்தில் இருக்கிறவர் வீட்டில் இருக்கட்டும் என்று வீராசாமியே சொன்னார். மாரியம்மாவின் தகரப் பெட்டிக்குள் போயிற்று.

முதல் தேதி காலை எனக்கு மனம் கேட்கவில்லை. ஆபீஸுக்குப் போகும் வழியில் அந்தச் சந்துக்குள் நுழைந்தேன். நல்லவேளை நுழைந்தேன், இல்லாவிட்டால் ஜென்மம் பூராவும் வருந்தியிருப்பேன். கொட்டகைக்கு முன்னால் கடப்பாரையும் கயிறுமாக எட்டுப் பேர். குத்தகைக்காரரின் தமிழ்க் கிராணி ஒருவர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு முன்னால் நின்றார். சந்தில் ஓர் ஆண் இல்லை. வாசலை மறித்துக்கொண்டு மாரியம்மா நின்றாள், பின்னால் ஏழெட்டுப் பெண்கள்.

நான் வேகமாக நாலு எட்டு வைத்தேன். பிறகு நின்றுவிட்டேன். இது அவர்கள் சங்கம். அவர்களிடம் காகிதம் இருக்கிறது. நான் குறுக்கே போய் இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு வேலை முடிந்துவிடும், ஆனால் அடுத்த முதல் தேதிக்கு யார் வருவார்கள்? வாயை மூடிக்கொண்டு ஒரு வீட்டுச் சுவரின் மறைவில் நின்றேன். என் உத்தியோகத்தில் நான் செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று.

"எடத்தைக் காலி பண்ணுங்கம்மா. சங்கத்து ஆளுங்க யாராச்சும் இருந்தா வரச் சொல்லு, பேசிக்கிறோம்" என்றார் வெள்ளைக் கோட்டுக்காரர்.

"இருக்காங்க. இந்தாங்க, இதைப் படிங்க."

அவர் பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். முகம் கொஞ்சம் சுருங்கியது. "சரி, இருக்கட்டும். சங்கத்து மெம்பரு வரட்டும். பொம்பளைங்ககிட்ட எனக்கு என்ன பேச்சு?"

"அடுத்த தாளைத் திருப்புங்க. மெம்பரு பேரு எல்லாம் அதுல இருக்கு. மூணாவது பேரைச் சத்தமாப் படிங்க, இவங்களுக்கும் கேக்கட்டும்."

கடப்பாரைக்காரர்கள் எட்டுப் பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் படித்தார். "மாரியம்மா."

"அது நான்தான்" என்றாள். "படிச்சாச்சுல்ல? தாளைக் குடுங்க. அடுப்புல சோறு கெடக்கு."

அவர் பத்திரத்தை மடித்து இரண்டு கையாலும் கொடுத்தார். கடப்பாரைகள் தோளில் ஏறி, வந்த வழியே டத்தோ கிராமாட் சாலையைப் பார்த்துப் போயின. அன்றைக்கு ஆபீஸுக்கு நான் முக்கால் மணி நேரம் தாமதமாகப் போனேன், காரணம் கேட்டார்கள், சங்க வேலை என்றேன்.